நத்தார் கீதங்களும் 1848 ஆம் ஆண்டும்: கரோல் மரபின் சமுதாயப் பின்னணி பற்றிய ஒரு நோக்கு

நத்தார் கீதங்களைப் பற்றி எழுதுவோர் பொதுவாக இரு துருவங்களில் நின்றே எழுதிவந்துள்ளனர். பக்தி நோக்கினர் அவற்றைக் காலங்கடந்த விசுவாசத்தின் குரலாகக் கொள்வர். அவற்றின் ஆன்மிகப் பொருள் பாலன் பிறப்பு என்னும் ஒரே செய்தியில் அடங்கிவிடுவதாகக் கருதுவர். முற்போக்கு அணியைச் சார்ந்த நம்மிற் சிலரோ, சமயத்தை மார்க்ஸ் அபினுடன் ஒப்பிட்டதை மாத்திரம் நினைவிற்கொண்டு, இவை ஆராய்ச்சிக்கு உரியனவல்ல என ஒதுக்கிவிடுகின்றனர். 1844 இல் வெளிவந்த அதே கட்டுரையில், சமயத்தை மெய்யான துயரின் வெளிப்பாடாகவும் அத்துயருக்கெதிரான முறையீடாகவும் மார்க்ஸ் கண்டார் என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். வெளிப்பாடும் முறையீடும் ஒரு பாடலில் எவ்வாறு கூடிநிற்கின்றன, எந்தச் சூழ்நிலையில் முறையீடு அடங்கிப்போகின்றது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

கரோல் என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் வட்டமாகக் கைகோத்துப் பாடியாடும் ஆடலைக் குறித்தது. ஒருவர் அடிகளைப் பாட, சூழ நிற்போர் பல்லவியை மீட்டுப் பாடுவர். நமது கும்மியை அறிந்தோருக்கு இவ்வமைப்புப் புதியதன்று. மத்தியகாலத் திருச்சபை தேவாலய முற்றங்களில் நிகழ்ந்த இவ்வாடல்களை மீண்டும் மீண்டும் தடைசெய்தது. மீண்டும் மீண்டும் தடைசெய்யவேண்டியிருந்தமையே தடை பலிக்கவில்லை என்பதற்குச் சான்றாகும். பிரான்சிஸ்கன் துறவியர் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். மக்களின் பேச்சுமொழியையும் பாடல் வடிவத்தையும் தமதாக்கி, அவற்றில் சமயப் பொருளைப் பெய்தனர். ஆங்கிலத்தில் எஞ்சியுள்ள மத்தியகாலக் கரோல்களிற் கணிசமானவை ஜேம்ஸ் றைமன் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் ஆக்கங்களே. 1935 இல் அக்கரோல்களைத் தொகுத்துப் பதிப்பித்த ஆர். எல். கிறீன், இவை மக்களிடையே பிறந்தமையால் அன்றி, மக்களுக்காக ஆக்கப்பட்டமையாலேயே மக்கட்பாடல்கள் எனப்படத் தகுவன என்றார். இது நுட்பமான வேறுபடுத்தல். ஆயினும் ஒரு பாடலின் பொருள், அதை ஆக்கியவரோடு முடிந்துவிடுவதில்லை.

நிலமானிய அமைப்பைத் தகர்த்தெழுந்த புதிய வர்க்கம் நத்தாரையே விரும்பவில்லை. ஆங்கிலப் பாராளுமன்றம் 1647 யூன் மாதத்தில் நத்தார்ப் பண்டிகையை ஒழித்துச் சட்டமியற்றியது. அவ்வாண்டு டிசெம்பர் 25 இல் கன்ரபெரி நகரின் மேயர் சந்தையைத் திறக்க ஆணையிட்டபோது மக்கள் கலகம் செய்தனர். திறந்த கடைகள் தாக்கப்பட்டன. திருநாள்களைக் குறைத்து உழைப்பு நாள்களைப் பெருக்குவதில் பியூரித்தான்களுக்கு இருந்த அக்கறையின் பொருளியல் அடிப்படையை வரலாற்றாசிரியர் கிறிஸ்தோபர் ஹில் விளக்கியுள்ளார். அத்திலாந்திக்கிற்கு அப்பால், மசச்சூசெற்ஸ் குடியேற்றத்திலே 1659 இல் நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதிக்கப்பட்டது. 1681 இலேயே அச்சட்டம் நீங்கியது. (1816 இல் யாழ்ப்பாணத்தில் மிசன் பணியைத் தொடங்கிய அமெரிக்கர் இந்த நியூ இங்கிலாந்து மரபின் வழிவந்தோரே. மிசனரிமார் வந்திறங்கிய நாளிலிருந்தே கரோலும் வந்தது என எண்ணிவிடுதல் தவறாகும்.)

1660 இல் முடியாட்சி மீண்டபோது நத்தாரும் மீண்டது. எனினும் கரோல் தேவாலயத்தினுள் இடம்பெறவில்லை. அது வீதியிலும் மதுச்சாலையிலும் ஒற்றைத்தாள் அச்சுகளிலும் வாழ்ந்தது. குளிர்காலத்தில் வேலையற்றிருந்த கிராமத் தொழிலாளர் செல்வர் வீட்டு வாயிலில் நின்று பாடி, உணவும் பானமும் காசும் பெற்றனர். இது பிச்சையன்று; வழக்காற்று உரிமை. வாழ்த்தும் வசையும் அடுத்தடுத்த அடிகளில் வரும் பாடல்கள் இவ்வுரிமையுணர்வைத் தெளிவாகக் காட்டுகின்றன. வாயில் திறக்கப்படாவிடின் வாழ்த்து வசையாகிவிடும். 1817 டிசெம்பரில் தெய்வநிந்தனைக் குற்றச்சாட்டின் பேரில் மும்முறை விசாரிக்கப்பட்டு மும்முறையும் விடுதலையான தீவிரவாத வெளியீட்டாளர் வில்லியம் ஹோன், தம் காலத்தில் ஆண்டுதோறும் அச்சாகிவந்த 89 கரோல்களை 1823 இல் பட்டியலிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் டேவிஸ் கில்பேட்டும், 1833 இல் வில்லியம் சாண்டிசும் தத்தம் தொகுப்புகளை வெளியிட்டனர். முன்னவர் பாராளுமன்ற உறுப்பினர், பின்னவர் சட்டத்தரணி. வாயிலில் நின்றவரின் பாடல் வாயிலுக்கு உட்புறத்தே இருந்தவரின் நூலகத்தை அடைந்தது.

இனி நாம் ஆழ்ந்து நோக்கவேண்டிய காலகட்டத்துக்கு வருவோம். கம்யூனிஸ்ட் அறிக்கை வெளிவந்த 1848 ஆம் ஆண்டிலேயே, சிறுபிள்ளைகளுக்கான கீதங்கள் அடங்கிய ஒரு நூலும் வெளிவந்தது. அதன் ஆசிரியர், பின்னாளில் திருமதி அலெக்சாந்தர் என அறியப்பட்ட சிசில் பிரான்சிஸ். அயர்லாந்தின் பெருநிலக்கிழார்களுக்கு முகவராயிருந்த ஒருவரின் மகள் அவர். அயர்லாந்து அப்போது பெரும் பஞ்சத்தின் பிடியில் இருந்தது. விசுவாசப் பிரமாணத்தின் பகுதிகளைச் சிறுவர்க்கு விளக்க எழுந்தவை அக்கீதங்கள். இன்றும் பெரிதும் விரும்பப்படும் ‘வன்ஸ் இன் றோயல் டேவிட்ஸ் சிற்றி’ அவற்றுள் ஒன்று. வறியோருடன் வாழ்ந்த யேசுவைக் கூறித் தொடங்கும் அப்பாடல், விரைவிலேயே கீழ்ப்படிந்து நடக்கும் பிள்ளையின் முன்மாதிரியாக அவரை ஆக்கிவிடுகின்றது. அதே நூலின் வேறொரு பாடல், செல்வரும் வறியரும் தத்தம் இடங்களில் இருப்பது இறைவனின் ஏற்பாடு என்றே கூறியது. நூலின் வருவாய் செவிப்புலனற்ற பிள்ளைகளின் பாடசாலைக்குச் சென்றது என்பதையும் சொல்லுதல் நேர்மை. ஆசிரியரின் இரக்கம் ஐயத்துக்கு இடமற்றது. அவ்வர்க்கத்தின் இரக்கத்திற்கு எல்லை எது என்பதே இங்குப் புலப்படுவது.

இதற்கு ஓராண்டு முன்னர், பிரான்சின் றோன் நதிக்கரையிலுள்ள றொக்மோர் என்ற சிற்றூரில், பிளாசிட் கப்போ என்னும் திராட்சைமது வணிகர் எழுதிய நத்தார்ப் பாடல் முதன்முதலாகப் பாடப்பட்டது. பங்குக் குருவின் வேண்டுகோளுக்கு இணங்கி அதனை அவர் எழுதினார் என்பர். சோசலிசக் கருத்துகளில் நாட்டமுடையவராக அறியப்பட்டவர் அவர். இசையமைத்தவர், ‘ஜிசெல்’ நாட்டிய நாடகத்துக்கு இசை வழங்கிய அடொல்ஃப் அடம். ‘ஓ ஹோலி நைட்’ என ஆங்கிலத்தில் வழங்குவது இப்பாடலே.

மூலத்தின் கட்டுக்கோப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. முதற் பகுதியின் முடிவில் மக்கள் மண்டியிட்டு விடுதலையை எதிர்பார்க்குமாறு கூறப்படுகின்றனர். இரண்டாம் பகுதியில், தம் பெருமையிற் செருக்குற்ற வலியோர் தலைவணங்குமாறு பணிக்கப்படுகின்றனர். மூன்றாம் பகுதியில் விலங்குகள் உடைகின்றன. அடிமை இருந்த இடத்தில் உடன்பிறப்புக் காணப்படுகின்றான். மண்டியிட்டிருந்த மக்கள் எழுந்து நின்று விடுதலையைப் பாடுமாறு அழைக்கப்படுகின்றனர். மண்டியிடலிலிருந்து எழுந்து நிற்றல்வரை செல்லும் இவ்வியக்கமே பாடலின் ஆன்மிகப் பொருள். 1848 ஏப்பிரல் 27 இல் பிரெஞ்சுக் குடியரசு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. பாடல் அதற்குக் காரணம் என்பது பேதைமை; இரண்டும் ஒரே வரலாற்று அலையில் எழுந்தவை என்பது உண்மை. பின்னாளிற் பிரான்சின் சில கத்தோலிக்க வட்டாரங்கள் இப்பாடலைக் கண்டித்தமை வியப்பன்று.

1855 இல் இதனை ஆங்கிலமாக்கிய ஜோன் சலிவன் டுவைற் பொஸ்ரனைச் சார்ந்தவர். புறூக் பார்ம் என்ற கற்பனாவாத சோசலிசக் கூட்டுக்குடியிருப்பில் வாழ்ந்தவர். அடிமைமுறையை அமெரிக்கா இன்னும் ஒழித்திராத அவ்வேளையில், விலங்குடைக்கும் பகுதியை அவர் காத்துத் தந்தார். ஆனால் மக்களை எழுந்து நிற்கச் சொல்லும் அழைப்பு அவருடைய மொழிபெயர்ப்பில் இல்லை. மண்டியிடுமாறு கூறும் அடியே ஆங்கிலப் பாடலின் உச்சமாயிற்று. உலகின் பெரும்பகுதி இப்பாடலை ஆங்கிலத்திலேயே அறியும். ஆகவே பாதிப் பயணத்தையே அறியும்.

மசச்சூசெற்சின் யுனிற்றேரியன் போதகர் எட்மன்ட் சியேர்ஸ் 1849 இல் எழுதிய கீதத்திலே பாலனுமில்லை, மரியாளுமில்லை, தொழுவமுமில்லை. தேவதூதரின் சமாதானப் பாடலும் அதைக் கேட்கவொட்டாது செய்யும் போரின் ஆரவாரமுமே உள்ளன. மெக்சிக்கோவுடன் அமெரிக்கா நடத்திய போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. போரைச் சாடும் பகுதியைச் சில கீதத் தொகுப்புகள் விட்டுவிடுகின்றன.

1853 இல் ஜே. எம். நீல் இயற்றிய ‘குட் கிங் வென்செஸ்லாஸ்’ மறுதிசையிற் சென்றது. 1582 இல் அச்சான ஒரு தொகுப்பிலிருந்து வசந்தகாலப் பாடலொன்றின் மெட்டை எடுத்து, பனியில் விறகு பொறுக்கும் ஏழைக்கு உணவளிக்கும் அரசனின் கதையை அதில் அமைத்தார். பழைய பாடலில் ஏழை வாயிலில் நின்று கேட்டான். இங்கோ அரசன் உள்ளிருந்தவாறே வெளியே பார்க்கின்றான். ஏழைக்குப் பாட ஓர் அடிதானும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கிறிஸ்தவ சோசலிசரான பேர்சி டியமர் 1906 இல் ஆங்கிலக் கீதத் தொகுப்பைப் பதிப்பித்தபோது, திருமதி அலெக்சாந்தரின் செல்வர் - வறியர் பகுதியை நீக்கினார். அவருடன் இசைப் பதிப்பாசிரியராகப் பணியாற்றிய வோன் வில்லியம்ஸ், 1903 இல் சர்ரேக் கிராமமொன்றில் கேட்டெழுதிய உழவுப் பையனின் கனவு பற்றிய நாட்டார் பாடலின் மெட்டை, அமெரிக்கரான பிலிப்ஸ் புறூக்ஸ் 1868 இல் எழுதிய பெத்லகேம் கீதத்துக்குப் பொருத்தினார். உழவனின் மெட்டு தேவாலயத்தினுள் நுழைந்தது; உழவனின் சொல் வெளியே நின்றது.

இவ்விருவரும் மார்ட்டின் ஷோவும் கூடித் தொகுத்த ஒக்ஸ்போட் கரோல் நூல் 1928 இல் வெளிவந்தது. கரோலை மீண்டும் மக்களின் வாயில் வைப்பது அவர்களின் நோக்கம். அதே ஆண்டிற்றான் கேம்பிறிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் நத்தார் முன்னிரவு ஆராதனை முதன்முறையாக வானொலியில் ஒலித்தது. முதல் உலகப் போரில் படைக் குருவாயிருந்த எரிக் மில்னர்-வைற் 1918 இல் அங்குத் தொடங்கிய ஆராதனை அது. 1919 முதல் அதன் தொடக்கப் பாடல், நில முகவரின் மகள் 1848 இல் வெளியிட்ட கீதமே. முதற் பகுதியை ஒரு சிறுவன் தனித்துப் பாடுகின்றான். வானொலியின் முன் இருப்போர் அமைதியாகக் கேட்கின்றனர்.