அவுட் ரன்

அவுட் ரன் என்பது சப்பானின் செகா நிறுவனம் 1986 ஆம் ஆண்டில் வெளியிட்ட, நாணயமிட்டு விளையாடும் மகிழுந்து ஓட்டும் நிகழ்பட ஆட்டம் ஆகும். இதனை யூ சுசுக்கி வடிவமைத்தார்.

1982 இல் வெளிவந்த போல் பொசிசன் போன்ற ஆட்டங்கள் பந்தயத் தடத்திலேயே நடந்தன. அவுட் ரன்னில் வென்றாக வேண்டிய போட்டியாளர் இல்லை, கடிகாரமே எதிரி. முதல் நான்கு கட்டங்களின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும். எப்பக்கம் திரும்புவது என்பதை ஆடுபவரே முடிவு செய்வார். இவ்வாறு கிளைக்கும் 15 கட்டங்கள் 5 வெவ்வேறு முடிவிடங்களில் நிறைவடைகின்றன. ஒரு பயணத்தில் ஐந்து கட்டங்களை மட்டுமே காண இயலும் என்பதால், மீண்டும் நாணயமிடுவோருக்குப் புதிய வழி காத்திருந்தது.

புறப்படும் முன் வானொலியில் மூன்று இசைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இவற்றை இரோசி கவாகுச்சி அமைத்தார். இருபரிமாண உருக்களை விரைந்து பெரிதாக்கிய வன்பொருள், சாலைக்கு ஆழம் தந்தது. உயர்வகைப் பெட்டியில் இருக்கையும் திருப்பங்களுக்கேற்ப அசைந்தது. வெற்றியைவிடப் பயணமே இன்பம் என்பதை இவ்வாட்டம் நிலைநாட்டியது.