கல்வெட்டில் போடாத 22 வருடம்

ஐயாவின் அந்தியேட்டிக்கு அச்சடித்த நினைவுப் புத்தகமான கல்வெட்டில் ‘ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர்’ என்றுதான் போட்டோம். அது 1989. பொய்யில்லை. எந்தப் பகுதி உத்தியோகம் என்பதை மட்டும் விட்டுவிட்டோம். ‘ஆமி’ என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் பதுங்குகுழிக்கு ஓடிய காலத்தில், எங்கள் வீட்டுப் பெரியவர் 22 வருடம் ஆமியில் இருந்தவர் என்று எழுத யாருக்குக் கை வரும்? இப்போது எழுதலாம்.

1942 ஏப்ரல் 5 கொழும்பிலும் 9 திருகோணமலையிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அந்த வருடக் கடைசியில் ஐயா சண்டிலிப்பாயை விட்டுப்போய்ப் படையில் சேர்ந்தார். மன்னரைக் காப்பாற்ற என்றோ நாட்டுக்காக என்றோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கிளறிக்கல் சோதினை சரிவரவில்லை, கட்டிக்கொடுக்க மூன்று தங்கச்சிமார், தோட்டம் ஈட்டில். சம்பளம் வருகிற இடத்துக்குப் போனார், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரிந்த யாழ்ப்பாணத்தானை ஸ்டோர்ஸில் விட்டார்கள். துவக்குத் தூக்கியதைவிட லெட்ஜர் தூக்கியதுதான் அதிகம்.

1944 ஏப்ரலில் நேசப்படைத் தளபதி மவுண்ட்பேற்றன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூந்தோட்டத்துக்குள் கொட்டில் கொட்டிலாக அலுவலகம். அங்கே காவலுக்கு நின்ற சிலோன் லைற் இன்ஃபன்றிக்குக் கட்டளை அதிகாரி அன்ரன் முத்துக்குமாரு. ஐயாவுக்கும் அங்கேதான் வேலை. மவுண்ட்பேற்றனைப் பற்றிக் கேட்டால் “நல்ல உயரம்” என்று முடித்துவிடுவார். முத்துக்குமாருவைப் பற்றிக் கேட்டால்தான் கதை நீளும்.

1949 அக்டோபர் 10 சிலோன் ஆமி என்ற நிரந்தரப் படை உருவானது. முதல் இரண்டு தளபதிகளும் வெள்ளைக்காரர். 1955 பெப்ரவரியில் மூன்றாவதாக வந்தவர்தான் முத்துக்குமாரு. இந்த நாட்டவரில் முதல் இராணுவத் தளபதி ஒரு தமிழர் என்றால் இன்றைய பிள்ளைகள் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். அவர் கொழும்பில் பிறந்து ஒக்ஸ்ஃபோர்ட்டில் படித்தவர், எங்கள் ஒழுங்கைகளோடு அவருக்குப் பெரிய தொடர்பில்லை. ஆனாலும் ஊர்ப் பெரியவர்களுக்கு அவர் ‘எங்கட ஆள்’. கடற்படையை 1960 முதல் 1970 வரை நடத்திய ராஜன் கதிர்காமர்தான் உண்மையில் பக்கத்து மானிப்பாய்க் குடும்பம்.

1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. ஜூனில் தனிச்சிங்கள மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. ஐயா முதலாவதில் ஏறி லீவில் வந்தார், இரண்டாவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாதம் தவறாமல் மணிஓடர் வரும். அம்மா அதில் பாதியை ஈடு மீட்கவென்று எடுத்துவைப்பா.

1958 மே 27 அவசரகாலம் பிரகடனமானது. தெருவில் இறங்கிய படைக்குத் தளபதி முத்துக்குமாருதான். கலவரத்தில் அடிபட்ட கொழும்புத் தமிழரை முகாம்களில் சேர்த்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். முகாம் ஒன்றுக்கு லொறியில் அரிசி மூடை கொண்டுபோன ஐயா, சாப்பாட்டு வரிசையில் தன் தங்கச்சியின் புருஷனைக் கண்டிருக்கிறார். மாமா சீருடையைப் பார்த்துவிட்டு முதலில் முகத்தைத் திருப்பினாராம். இதை ஐயா சொல்லவில்லை, மாமாதான் பின்னாளில் சொன்னார்.

1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிரான சத்தியாக்கிரகம் தொடங்கியது. அம்மாவும் அயலட்டைப் பெண்களோடு பஸ் ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தா. லீவில் நின்ற ஐயா போகவேண்டாம் என்று சொல்லவில்லை. குடையை எடுத்துக் கொடுத்து, “வெயிலுக்க இராதை” என்று மட்டும் சொன்னார். ஏப்ரலில் சத்தியாக்கிரகிகளை அப்புறப்படுத்தியது இராணுவம். அதற்குள் அவர் கொழும்பு திரும்பிவிட்டார். அந்தக் கிழமை வீட்டுக்குக் கடிதம் வரவில்லை.

அடுத்த ஜனவரியில் அரசாங்கத்தைக் கவிழ்க்க அதிகாரிகளின் சதிமுயற்சி. பிடிபட்ட அதிகாரிகளில் மிகப் பலர் கிறிஸ்தவர்கள், தமிழரும் பறங்கியரும் அதில் அடக்கம். 1965 கடைசியில் பிரிவிக் கவுன்சில் தண்டனையை ரத்துச் செய்தது. அதற்குள் படையின் முகம் மாறத் தொடங்கிவிட்டது. 1956, 1962 என்று தமிழருக்குக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்பட்டதை ஐயா உள்ளே நின்று பார்த்தார். 1964இல் பென்சனோடு வந்து வெங்காயம் போட்டார். எழுபதுகளில் இறக்குமதி நின்றபோது வெங்காயமும் மிளகாயும் யாழ்ப்பாணத்துக்குக் காசைக் கொட்டின. இராணுவச் சம்பளத்தில் மீளாத கடைசி ஈடு வெங்காயத்தில் மீண்டது.

அவருடைய போர்ப் பதக்கத்தின் ஒருபக்கம் ஆறாம் ஜோர்ஜ், மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதிக்கும் சிங்கம். எண்பதுகளில் வீட்டுக்கு வந்த பெடியன் ஒருவன் அதைப் புரட்டிப் பார்த்து, “என்ன ஐயா, சிங்கத்தை வீட்டில வச்சிருக்கிறியள்?” என்றான். “அது இங்கிலாந்துச் சிங்கம் தம்பி” என்று ஐயா விளக்கினார். அவன் போனதும் அம்மா பதக்கத்தை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டா.

1987 அக்டோபரில் புலிகளோடு நடந்த சண்டை ஓய்ந்தபின் இந்தியப் படை வீடு வீடாகச் சோதனை போட்டது. எங்கள் முற்றத்துக்கு வந்த அதிகாரியிடம் ஐயா ஆங்கிலத்தில் பேசி, தன் பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டினார். அதிகாரி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “சேர்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் போன உயிர் திரும்பி வந்தது. படலை சாத்திய பிறகு ஐயா என்னைக் கூப்பிட்டார். “பிள்ளை, அவனோட வந்தவங்கட சப்பாத்தைப் பாத்தனியே? ஒருத்தன்ரயும் பொலிஷ் இல்லை. எங்கட ஸ்டோர்ஸில எண்டால் உள்ள விட்டிருக்க மாட்டன்.”