பந்தயக் குதிரைகள் – 14
மிராபெல் டோப்பமின் பிடிவாதம்

1952 ஏப்ரல் 5. லிவர்பூலை அடுத்த எயின்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் பந்தயம். பி.பி.சி. வானொலியின் வழக்கமான வர்ணனையாளர்கள் அன்று மைக் முன்னால் இல்லை. மைதானத்தின் உரிமையாளர் மிராபெல் டோப்பம் தன் சொந்தப் பொறுப்பில் ஆட்களைத் திரட்டி வர்ணனை சொல்லவைத்தார். முதல் தடையிலேயே 'டீல்' விழுந்துவிட்டது என்றார் அவர்களில் ஒருவர். பந்தயத்தை வென்றதே டீல்தான்!

ஊரே சிரித்தது. ஆனால், அந்தப் பெண்மணி கேட்ட கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதல்ல. முன்னாள் நாடக நடிகையான மிராபெல், 1949-ல் 2,75,000 பவுண்டு கொடுத்து செஃப்டன் பிரபுவிடம் அந்த மைதானத்தை வாங்கியவர். பந்தயம் நடத்தும் செலவெல்லாம் என் தலையில் விழும்போது, அதன் ஒலிபரப்புக்குக் காப்புரிமை மட்டும் எப்படி வேறொருவருக்குப் போகும் என்பதுதான் அவர் வாதம். இன்று ஒளிபரப்பு உரிமைக்காகக் கோடிகள் கைமாறுகின்றன. அந்த உரிமையும் ஒரு சொத்துதான் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். என்னைக் கேட்டால், அவர் வழக்கு நியாயமானது. வர்ணனைக்கு ஆள் பிடித்ததில்தான் கோட்டைவிட்டார்.

தொலைக்காட்சி விஷயத்தில் அவர் இன்னும் இறுக்கம். எப்சம் டெர்பியை 1931-லேயே ஜான் லோகி பெயர்டு தன் கருவியில் காட்டிவிட்டார். எயின்ட்ரீக்குள் பி.பி.சி.யின் கேமரா நேரடி ஒளிபரப்புக்காக நுழைந்ததோ 1960 மார்ச் 26-ல்தான். 'மெர்ரிமேன் II' வென்றதை மக்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். நான்கு மைலுக்கு மேல் நீளும் ஓட்டம், 30 தாண்டல்கள். கேமராக்காரர்களுக்கு அது லேசான வேலையல்ல.

அந்த உழைப்பின் அருமை 1967-ல் தெரிந்தது. அந்த ஆண்டு ஓடியவை 44 குதிரைகள். இருபத்துமூன்றாம் தாண்டல் நாலரை அடி உயரம்தான். அங்கே இருந்தவற்றில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. சவாரியாளரை உதறிவிட்டு வெறுமனே ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை அங்கே குறுக்கே திரும்ப, பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றன. எவரும் பொருட்படுத்தாத, 100-க்கு 1 விலை போன 'ஃபாய்னவான்' மட்டும் வெகு பின்னாலிருந்து வந்து, இடைவெளி பார்த்துத் தாண்டிப் போய்விட்டது. வர்ணனையாளர் மைக்கேல் ஓஹேஹிர் அந்தக் குழப்பத்திலும் அதன் பெயரைச் சரியாகச் சொன்னார். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் தூரத்து மாடத்தில் இருந்தார்கள். அந்தத் தாண்டலில் நடந்ததைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.