ஐ.நா. பொதுச் சபையும் வாக்கு எண்ணும் முறையும்



1957 செப்டம்பர் 17ஆம் நாள் மலாயா, ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 82ஆவது உறுப்பு நாடாயிற்று. சுதந்திரம் பெற்றுப் பதினேழே நாள். ஆயினும் பொதுச் சபையில் அமெரிக்காவுக்கு எத்தனை வாக்கோ, மலாயாவுக்கும் அத்தனை: ஒன்று. “யானைக்கும் எறும்புக்கும் ஒரே அளவா, ஐயா?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வாக்கில் ஒரே அளவுதான். அந்த வாக்குகளை எப்படி எண்ணுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஐ.நா. சாசனத்தின் 18ஆம் விதியைப் பாருங்கள். அமைதி, புதிய உறுப்பினர் சேர்க்கை, வரவு செலவுத் திட்டம் போன்ற முக்கிய விவகாரங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மற்றவற்றுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பட்டியலில் இல்லாத ஒன்றை ‘முக்கியம்’ என்று முடிவு செய்யவும் சாதாரணப் பெரும்பான்மையே போதும்! நடுநிலை வகிப்போர் கணக்கில் சேரமாட்டார்கள்.

இதன் வலிமையைச் சீன விவகாரத்தில் காணலாம். 1949இல் பீகிங்கில் மக்கள் சீனக் குடியரசு அமைந்தது. சியாங் கே ஷேக்கின் அரசு தைவானுக்குச் சென்றது. ஆனால் ஐ.நா.வில் சீனாவின் ஆசனம் தைவான் அரசிடமே இருந்தது. இது முக்கிய விவகாரம் என்று 1961இல் அமெரிக்காவும் அதன் நட்பு நாடுகளும் தீர்மானம் நிறைவேற்றின. பலன் என்ன? 1970இல் பீகிங்குக்கு ஆதரவாக 51 வாக்குகள், எதிராக 49. கூடுதல் வாக்குப் பெற்றவர் தோற்றார்!

1971 அக்டோபர் 25ஆம் நாள் இரவு. தலைமை வகித்தவர் இந்தோனேசியாவின் ஆதம் மாலிக். தைவானை வெளியேற்றுவது முக்கிய விவகாரமா என்ற வாக்கெடுப்பு முதலில் நடந்தது. ஆம் என்றோர் 55, இல்லை என்றோர் 59, நடுநிலை 15. நான்கே வாக்குகளில் பத்தாண்டுத் தடுப்புச் சுவர் சரிந்தது. தைவான் பேராளர்கள் எழுந்து வெளியேறினார்கள். பிறகு அல்பேனியா முதலிய நாடுகளின் தீர்மானம் 76க்கு 35 என்ற கணக்கில் நிறைவேறியது. 17 நாடுகள் நடுநிலை. மலேசியாவும் சிங்கப்பூரும் ஆதரித்தே வாக்களித்தன. 76 என்பது மூன்றில் இரண்டு பங்கையும் தாண்டிய எண்ணிக்கை என்பதைக் கவனியுங்கள். சுவர் விழுந்த பிறகு தயங்கி நின்றவர்களும் வென்ற பக்கம் சாய்ந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பொதுச் சபையின் தீர்மானங்கள் பெரும்பாலும் பரிந்துரைகளே. எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தா. ஆனால் தன் ஆசனத்தில் யார் அமர்வது என்பதில் அதன் சொல்லே செல்லும். நவம்பர் 15ஆம் நாள் பீகிங் பேராளர்கள் சபைக்குள் வந்து அமர்ந்தனர். பாதுகாப்பு மன்றத்தின் நிரந்தர ஆசனமும், பொதுச் சபையில் எவருக்கும் இல்லாத ரத்து அதிகாரமும் அவர்களுடையதாயின.