முன்சக்கர டிஸ்க் பிரேக் இறுக்கம்

மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிச் சக்கரத்தைச் சூடேற்றும் பழுது. சிலாங்கூர் மாநிலம் கோல லங்காட் மாவட்டத்தின் பந்திங் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடும் ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்அப் வண்டிகள் இதற்கு எளிதில் ஆளாகும். தோட்டச் சாலையின் சேறும் தூசியும் கேலிப்பரில் படிகின்றன. மோரிப், கேரித் தீவுப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது.

டிரம் பிரேக்கில் இருப்பதுபோல் டிஸ்க் பிரேக்கின் பிஸ்டனை இழுத்துத் திருப்ப சுருள்வில் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் மிதிக்கும்போது சற்று முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது; அந்த இம்மியளவு அசைவே பேடை விடுவிக்கிறது. பிஸ்டனில் துரு ஏறினாலோ, கேலிப்பர் நகரும் பின்கள் கிரீஸ் வற்றி இறுகினாலோ அந்த அசைவு போதாது.

கருகல் வாடை, ஒரு பக்கம் இழுக்கும் ஸ்டியரிங், கூடுதல் எரிபொருள் செலவு, நீலம் பாரித்த டிஸ்க் ஆகியவை அறிகுறிகள். சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் இரு முன்சக்கரங்களையும் ஒப்பிட்டால் சூடேறும் பக்கம் தெரியும். சக்கர பேரிங் கெட்டாலும் சூடேறும் என்பதால், ஜாக்கில் தூக்கி ஆட்டிப் பார்ப்பதும் தேவை. கையால் சுழற்றும்போது கேட்கும் மெல்லிய உரசல் இயல்பானதே.

காரணத்தைப் பிரிக்கும் சோதனையைத்தான் பல பட்டறைகளில் தவிர்த்துவிடுகிறார்கள். சக்கரம் இறுகியிருக்கும்போதே கேலிப்பரின் காற்று நீக்கும் திருகைத் திறக்க வேண்டும். பிரேக் எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் கேலிப்பர் குற்றவாளி அல்ல. அழுத்தம் மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது. விடுபடாவிட்டால் பிஸ்டன், பின்கள், பேட் அமரும் இடம் ஆகியவற்றைப் பார்க்கலாம். அடைபட்ட அழுத்தம் என்றால், மறுபடி மிதித்து இறுக்கி, ரப்பர் ஹோஸுக்கு முன்னுள்ள இரும்புக் குழாய் இணைப்பைத் தளர்த்த வேண்டும். அப்போதும் சக்கரம் இறுகியே இருந்தால் ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்துள்ளது. வெளியே புதிதுபோல் இருக்கும் ஹோஸும் இப்படிக் கெடலாம் என்பதால், பட்டறைப் போமன்கள் (மெக்கானிக்குகள்) ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இரு முன்சக்கரங்களும் ஒருசேர இறுகினால் மாஸ்டர் சிலிண்டரையோ, மிதியில் தளர்வு இடைவெளி இல்லாததையோ சந்தேகிக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியதும் சக்கரங்கள் விடுபட்டால், பூஸ்டர் தள்ளுதண்டு அதிக நீளமாக இருக்கிறது.

பிரேக் எண்ணெய்க்குப் பதில் தவறுதலாக எஞ்சின் எண்ணெய் ஊற்றிய வண்டியில் பிரேக்கின் ரப்பர் பாகங்கள் அனைத்தும் ஊதிவிடும்; அவற்றை முழுவதும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 எண்ணெயின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 பாகை செல்சியஸ், ஈரமேறிய நிலையில் 140. டாட் 4 எண்ணெய்க்கு 230, 155. இறுகிய பிரேக்கின் வெப்பத்தில் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை இறங்கிவிடும். எனவே பிரேக் இறுகிய நிலையில் வண்டியை ஓட்டிச் செல்லக் கூடாது.

சோதனைக்காக இணைப்புகளைத் தளர்த்தியபின் காற்றை நீக்கி, மிதி கெட்டியாக நிற்பதை உறுதிசெய்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். சூடேறிய டிஸ்க்கின்மேல் தண்ணீர் ஊற்றுவது தவறு. டிஸ்க் கோணலாம், விரிசலும் விடலாம்.