ஸ்ட்ரெதம் மயானத்தில் ஒரு குப்பை வண்டிக்காரர்

லண்டன் மாநகரின் தென்பகுதியில், பிரைட்டன் கடற்கரையை நோக்கிச் செல்லும் புராதனமான ராஜபாட்டையின்மீது அமைந்து, அப்பாட்டை காரணமாகவே 'சாலையோரக் குடியிருப்பு' என்று பொருள்படும் பெயரையும் பெற்ற ஸ்ட்ரெதம், தன் மக்கள் பலருக்கு அந்திம வாசஸ்தலத்தைத் தன் எல்லைக்குள் அளிக்கவில்லை. ஸ்ட்ரெதம் மயானம் என்று பெயர் பெற்று 1893-இல் திறக்கப்பட்ட இடுகாடு, அடுத்த ஊராகிய டூட்டிங்கில், காரட் லேன் என்னும் தெருவில் இருக்கிறது. டூட்டிங் முத்துமாரியம்மன் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் வந்துபோகும் நம்மவர்க்கு அது நடைதூரம்தான். ஆயினும் அங்கே துயில்கொள்ளும் எட்வர்ட் ஃபாஸ்டரை அறிந்தவர் சிலரே.

1886 பிப்ரவரி 4-ஆம் நாள் டூட்டிங்கில் பிறந்த இவருக்கு ஜீவனோபாயம் குப்பை அள்ளுவது. லண்டனில் அத்தொழிலுக்கு ஒரு விசித்திரமான சரித்திரம் உண்டு. வீடுதோறும் நிலக்கரி எரிந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் குப்பை என்பது பெரும்பாலும் சாம்பலே. அதைப் பெண்கள் சல்லடையிட்டுச் சலிக்க, நுண்ணிய பகுதி செங்கல் மண்ணோடு கலக்கவும், எரிந்து முடியாத கரித்துண்டுகள் சூளைக்கு விறகாகவும் பயன்பட்டமையால், குத்தகைதாரர்கள் ஊர்ச்சபைகளுக்குப் பணம் கொடுத்துக் குப்பையை வாங்கிச்சென்ற காலமும் இருந்தது. குப்பைமேட்டின் ஐசுவரியத்தை மையமாக வைத்து டிக்கன்ஸ் 1864-65-இல் ஒரு நாவலே எழுதினார். பின்னர் சாம்பலுக்கு விலை வீழ்ந்து, சபைகளே குத்தகைதாரருக்குக் கூலி கொடுக்க நேர்ந்தது. நம் தேசத்தில் இத்தொழிலைப் பிறப்போடு பிணைத்துவைத்த அநீதி அங்கே இல்லையெனினும், சமூகத்தின் ஏணியில் அதற்குக் கிடைத்த படி கீழ்ப்படிதான்.

1915-இல், ஸ்ட்ரெதமையும் உள்ளடக்கியிருந்த வாண்ட்ஸ்வொர்த் நகராட்சியின் மேயர், கிழக்கு சர்ரே ரெஜிமெண்டுக்கு 13-ஆவது பட்டாளத்தைத் திரட்டியபோது, இருபத்தொன்பது வயதுக் குடும்பஸ்தரான ஃபாஸ்டரும் அதில் சேர்ந்தார். ஆறடி இரண்டங்குல உயரமும் அதற்கேற்ற பருமனும் உடைய அவரைத் தோழர்கள் 'டைனி', அதாவது குட்டி, என்று பரிகாசமாய் அழைத்தார்கள். அவருடைய பட்டாளம் சென்று இணைந்த 40-ஆவது டிவிஷனோ, குள்ளமான ஆட்களுக்கென்றே முதலில் அமைக்கப்பட்டது!

1917 ஏப்ரல் 24 அன்று பிரான்சிலுள்ள வில்லேர்-ப்ளூயிக் என்ற கிராமத்தைத் தாக்கியபோது, முள்கம்பி வேலியின் பாதுகாப்பில் இருந்த இரண்டு எதிரி யந்திரத் துப்பாக்கிகள் படையின் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்திவிட்டன. இரண்டு லூயிஸ் துப்பாக்கிகளின் பொறுப்பிலிருந்த கார்ப்பொரல் ஃபாஸ்டர் பதுங்கு குழிக்குள் இறங்கிப் போரிட, அவற்றுள் ஒன்று எதிரியின் கைக்குப் போயிற்று. அவர் பின்வாங்காமல் கைகுண்டுகளை வீசிக்கொண்டு பாய்ந்து அதை மீட்டதோடு, இரண்டையும் இயக்கி எதிரியின் துப்பாக்கிகளையும் கைப்பற்றினார். அதற்காக, பிரிட்டிஷ் சேனையின் அதியுன்னத விருதாகிய விக்டோரியா சிலுவை அவருக்கு அளிக்கப்பட்டது. பழைய பீரங்கியின் உலோகத்தில் வார்க்கப்படுவதாகச் சொல்லப்படும் பதக்கம் அது. கழித்த பொருளிலும் மதிப்புண்டு என்பதை அறிந்த தொழிலாளிக்கு அது பொருத்தமான பரிசே.

அதிகாரிகள் அல்லாத வீரர்க்கு அச்சிலுவையுடன் சேர்ந்து வந்த மானியம் ஆண்டுக்கு 10 பவுன். அதைக்கொண்டு குடும்பம் நடவாது. யுத்தம் முடிந்ததும் ஃபாஸ்டர் நகராட்சியிடம் வந்து, குப்பை அகற்றும் பணியைக் கண்காணிக்கும் உத்தியோகத்தை ஏற்றார். அவர் போரிட்ட பிரெஞ்சுக் கிராமத்தை வாண்ட்ஸ்வொர்த் தத்தெடுத்துக்கொண்டு, அது மீண்டும் எழ உதவிற்று. போர்க்களத்தில் ஒருநாள் காட்டிய பராக்கிரமத்தைச் சரித்திரம் விவரமாய்க் குறித்துவைத்திருக்கிறது. அதன்பின் ஆண்டுக்கணக்காக வைகறையில் எழுந்து ஊரின் அசுத்தம் அகலுகிறதா என்று பார்த்துவந்த உழைப்பைப் பற்றி அது ஒரு வரிக்குமேல் சொல்வதில்லை. மனைவி மக்களுக்குச் சோறு போட்டது இந்த ஒரு வரிதான்.

1946 ஜனவரி 22-இல், அறுபதாவது பிறந்தநாளுக்குச் சில தினங்களே இருக்கையில் அவர் காலமானார். வாண்ட்ஸ்வொர்த்தில் ஒரு பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஸ்ட்ரெதம் மயானத்திலுள்ள அவரது சமாதியைக் காண விரும்புவோர் ஸ்ட்ரெதமில் தேடவேண்டாம். டூட்டிங்கில் இறங்கிக் கேட்கவேண்டும்.