ஏழா பத்தா

மேகஸின் என்றால் நமக்குப் பத்திரிகை. நியூயார்க்கில் தோட்டா அடைக்கும் பெட்டியும்கூட. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட அடுத்த மாதம், 2013 ஜனவரியில், 7 தோட்டாவுக்கு மேல் கூடாதென்று அந்த மாநிலம் சட்டம் போட்டது. 7 கொள்ளும் மேகஸினோ சந்தையில் அபூர்வம். வந்தது திருத்தம்: 10 கொள்வதை வைத்துக்கொள், 7 மட்டும் போடு, பயிற்சிக் களத்தில் 10 போடலாம். அதாவது அதிகாரம் பொருளை விட்டுவிட்டு, எண்ணிப் போடுகிற விரலைக் கண்காணிக்கப் பார்த்தது. பீரோவுக்குள் காலியாகக் கிடக்கும் 3 இடத்தை எந்தப் போலீஸ் போய்ப் பார்க்கும்? ஆண்டின் கடைசி நாளில் நீதிமன்றம் 7-ஐத் தள்ளி 10-ஐ நிறுத்தியது. 2015 மேல்முறையீட்டிலும் அதேதான். இதனால் வரம்பே கேலிக்கூத்து என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2011இல் டூசானில், 33 தோட்டா மேகஸினைத் தீர்த்துவிட்டு அடுத்ததை மாட்டப்போன இடைவெளியில்தான், சுட்டவனை அங்கிருந்தவர்கள் மடக்கிப் பிடித்தார்கள்.